குழந்தைகளுக்குச் சிரங்கு: வேப்பிலை, மஞ்சள், ஆயுர்வேதத் தைலம் மட்டும் போதுமா?

மழைத்துளி:

வணக்கம். என் மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு ஏழு மாதம். மகனுக்கு முதலில் விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் சின்னச் சின்னப் பொரிகள் வந்தன, இப்போது தொப்புளைச் சுற்றியும் தொடை இடுக்கிலும் பரவிவிட்டது. பகலில் விளையாட்டில் மறந்துவிடுகிறான். படுத்ததும் ஆரம்பிக்கிறது, தூக்கத்திலேயே சொறிகிறான், காலையில் விரிப்பில் ரத்தப் பொட்டு இருக்கிறது. பாப்பாவுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் நீர் கோத்த மாதிரி கொப்புளங்கள். அவளுக்குச் சொறியத் தெரியாது, இரவெல்லாம் சிணுங்கிக்கொண்டே இருக்கிறாள், காலோடு காலைத் தேய்க்கிறாள். எனக்கும் விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியிருக்கிறது.

டாக்டர் பார்த்தவுடனே சிரங்கு என்று சொல்லி பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக் கொடுத்தார், வீட்டில் எல்லாரும் தடவ வேண்டும் என்றார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் திறக்கவில்லை. அது பூச்சிக்கொல்லி வகை என்று படித்ததிலிருந்து ஏழு மாதக் குழந்தையின் உடம்பு முழுக்கப் பூச மனம் வரவில்லை. மாமியார் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் போதும் என்கிறார். உறவினர் ஒருவர் மகாமரீச்யாதி தைலம் கொண்டுவந்து கொடுத்தார். இன்னொருவர் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவு, வேப்பெண்ணெய் இரண்டு சொட்டு உள்ளுக்கும் கொடு, ரத்தம் சுத்தமாகும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியவில்லை. ஆயுர்வேதம், நாட்டு மருந்து மட்டும் வைத்து இதைச் சரிசெய்ய முடியுமா? பாப்பாவுக்கு இவற்றில் எது ஆபத்தில்லாதது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேம்படி:

முடியும் தோழி. எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு வந்தபோது வேப்பிலையும் மஞ்சளும்தான் பூசினோம், சரியானது. கொழுந்தாக இல்லாமல் கொஞ்சம் முற்றிய இலையாகப் பறித்து, நான்கு பங்கு இலைக்கு ஒரு பங்கு பச்சை மஞ்சள் சேர்த்து, தண்ணீர் அதிகம் விடாமல் வெண்ணெயாக அரைக்க வேண்டும். கழுத்திலிருந்து பாதம் வரை பூசி, நன்றாகக் காயவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கவைக்க வேண்டும். பொரி இருக்கும் இடத்தில் மட்டும் பொட்டு வைத்த மாதிரி தடவினால் ஒன்றும் நடக்காது, இதைத்தான் பலர் செய்கிறார்கள். தினமும் விடாமல் செய்ய வேண்டும், அரிப்பு குறைந்தவுடன் நிறுத்தக் கூடாது.

இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. 1992-ல் ஒரு மருத்துவ இதழில் ஆய்வாகவே வந்திருக்கிறது. 814 பேருக்கு வேப்பிலை மஞ்சள் விழுது பூசிப் பார்த்ததில் 97 சதவீதம் பேருக்கு 3 முதல் 15 நாளுக்குள் குணமானது. குப்பைமேனி இலையும் நல்லது, புங்க எண்ணெயும் நல்லது. நம் கையில் இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் பயந்துகொண்டே ஒரு க்ரீமைப் பூச வேண்டும்?

பச்சிலை:

நான் ஆயுர்வேதம் படித்து வைத்தியம் பார்க்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் அவசரமான விஷயம்: பாப்பாவுக்கு வேப்பெண்ணெய் ஒரு சொட்டுகூட வாய்வழியாகக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் உள்ளே போனால் வாந்தி, வலிப்பு, ரத்தத்தில் அமிலம் கூடுவது, கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படுவது வரை போகும். மலேசியாவில் இப்படிக் கொடுக்கப்பட்டுப் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 1981-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ரத்தம் சுத்தமாவதற்கும் சிரங்குக்கும் சம்பந்தமும் இல்லை, சிரங்குக்குக் காரணமான பூச்சி இருப்பது தோலின் மேலடுக்கில். கற்பூரமும் அப்படித்தான், சின்னக் குழந்தைகளுக்குத் தோல் வழியாக உறிஞ்சப்பட்டே வலிப்பு வந்திருக்கிறது. தேங்காய் எண்ணெயில் கலந்துவிட்டால் அதன் வீரியம் போய்விடாது. வீட்டில் கற்பூரம் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் அதையும் எடுத்து மேலே வையுங்கள்.

அடுத்தது அந்தத் தைலம். மகாமரீச்யாதி தைலம் பழைய நூல் முறைப்படி செய்ததென்றால் அதில் அரிதாரம், மனோசிலை இரண்டும் இருக்கும். இரண்டும் ஆர்சனிக் சேர்ந்த கனிமங்கள். கூடவே வத்சநாபி, அலரி, எருக்கம்பால் என்ற நச்சுப் பொருட்களும். பெரியவர்களுக்கு, வைத்தியர் கண்காணிப்பில், கொஞ்ச இடத்தில் தடவுவதற்காகச் சொல்லப்பட்டது அது. சொறிந்து புண்ணான தோலில், அதுவும் எடைக்கு ஒப்பிட்டால் நம்மைவிடத் தோல் பரப்பு மிக அதிகமாக இருக்கும் ஒரு கைக்குழந்தையின் உடம்பு முழுக்கத் தடவவே கூடாது. கைகாலை வாயில் வைக்கும் வயது வேறு. நான் படித்த துறையின் மருந்து என்பதற்காக இதை மென்று விழுங்க முடியாது. 2008-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது 20.7 சதவீதத்தில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. மூலிகை என்று எழுதியிருந்தால் தீங்கில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. லேபிளில் அரிதாரம், மனோசிலை, ரசம் (அதாவது பாதரசம்), சிந்தூரம், லிங்கம், துத்தம் என்று ஏதாவது இருந்தால் குழந்தைக்கு வேண்டாம், சேர்மானம் எழுதாத தைலம் என்றால் யாருக்குமே வேண்டாம்.

சரி, ஆயுர்வேதம் இதற்கு என்னதான் சொல்கிறது? சரக சம்ஹிதை சொல்லும் 18 வகைத் தோல் நோய்களில் பாமா என்று ஒன்று வருகிறது, அரிப்பும் கொப்புளமும் சேர்ந்த அந்த வர்ணனையைத்தான் நாங்கள் சிரங்கோடு பொருத்திப் பார்க்கிறோம். வேம்பு, மஞ்சள், மரமஞ்சள், புங்கு, தகரை, கந்தகம் இவையெல்லாம் அதற்கான மருந்துகள். இவற்றில் எனக்கு முழு நம்பிக்கை இருப்பது கந்தகத்தின் மேல், காரணம் நவீன மருத்துவமும் அதை இன்றுவரை வைத்திருக்கிறது. 5 முதல் 10 சதவீதம் கந்தகம் வாசலினில் கலந்த களிம்பை இரண்டு மாதத்துக்கும் குறைவான குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தோல் மருத்துவர்களே எழுதுகிறார்கள், தொடர்ந்து மூன்று இரவு பூச வேண்டும். நாற்றமடிக்கும், துணியில் கறை பிடிக்கும், சிலருக்குத் தோல் வறண்டு எரியும், மற்றபடி பழைய நம்பகமான மருந்து. ஆனால் வைத்தியசாலையில் கந்தகக் களிம்பு என்று விற்பதை அப்படியே வாங்கிப் பூசிவிடாதீர்கள், சிலவற்றில் சிந்தூரமும் கற்பூரமும் சேர்ந்திருக்கும்.

வேம்படி சொன்ன 1992 ஆய்வு உண்மையில் நடந்ததுதான், நாங்களும் அடிக்கடி எடுத்துக் காட்டுவோம். ஆனால் அது ஒரு முன்னோட்ட ஆய்வு. பூசாதவர்களோடோ வேறு மருந்து பூசியவர்களோடோ ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. அதை வைத்து வேம்பும் மஞ்சளும் உதவக்கூடும் என்று சொல்லலாம், க்ரீமுக்குப் பதில் அதுவே போதும் என்று சொல்ல முடியாது. என்னிடம் வரும் குழந்தைகளுக்கு வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டச் சொல்கிறேன், அரிப்பு கொஞ்சம் அடங்கும். முட்டையோடு சேர்த்துப் பூச்சியை ஒழிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைப்பதில்லை.

இன்னும் இரண்டு மூலிகைகளைச் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். கார்போக அரிசி: குளியல் பொடியில் சேர்ப்பார்கள், அதைப் பூசிக்கொண்டு வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளித்துக் கருத்துப்போகும், குழந்தைக்கு வேண்டாம். குப்பைமேனி: மேலே பூசினால் சிலருக்கு எரியும், அவ்வளவுதான், ஆனால் அதன் சாற்றை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது, ஜி6பிடி என்சைம் குறைபாடு இருக்கும் குழந்தைக்குச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வந்துவிடும். அப்படி ஒரு குறைபாடு இருப்பதே பலருக்குத் தெரியாது. சீமை அகத்தியும் சொல்வார்கள், அது படர்தாமரைக்கு, அதாவது பூஞ்சைக்கு. சிரங்குக்குக் காரணம் பூஞ்சை இல்லை.

உங்களுக்கு என் பதில் இதுதான்: கையில் இருக்கும் பெர்மெத்ரினைப் பூசுங்கள். இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அது அனுமதிக்கப்பட்ட மருந்து, பாப்பாவுக்கு ஏழு மாதம். பூசியதில் 2 சதவீதம் அல்லது அதற்கும் குறைவுதான் தோல் வழியாக உள்ளே போகும், அதையும் உடம்பு சீக்கிரம் சிதைத்துச் சிறுநீரில் அனுப்பிவிடும். பூச்சிக்கொல்லி என்ற சொல் பயமுறுத்துவது புரிகிறது, ஆனால் இது சாமந்தி இனப் பூ ஒன்றில் இருக்கும் பைரெத்ரின் என்ற பொருளைப் பார்த்து உருவாக்கியது, பூச்சியின் நரம்பை அது தாக்கும் அளவுக்கு மனித நரம்பைத் தாக்குவதில்லை. உங்கள் உறவினர் கொடுத்த தைலத்தோடு வைத்துப் பார்த்தால் பாப்பாவுக்கு இந்த க்ரீம் எவ்வளவோ மேல்.

இரவுப்பணி:

குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். வைத்தியர் ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், எப்படிப் பூசுவது என்பதை மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பி வருகிறவர்களில் பெரும்பாலோர் பூசிய விதத்தில்தான் கோளாறு இருக்கும்.

இந்தப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டே போய் ஒரு நாளைக்கு 2, 3 முட்டை இடும், முட்டை 3, 4 நாளில் பொரியும், அடுத்த பத்து பதினைந்து நாளில் அது வளர்ந்து முட்டையிடத் தயாராகிவிடும். சாதாரணச் சிரங்கில் ஒருவர் உடம்பில் மொத்தம் 10, 15 பூச்சிதான் இருக்கும். அத்தனை அரிப்பும் அவற்றின் எச்சத்துக்கும் முட்டைக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமை. அதனால்தான் பொரி இல்லாத இடத்திலும் பூச வேண்டும், பூச்சி எங்கே இருக்கிறது என்று பொரி காட்டிக்கொடுக்காது.

முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 2 முதல் 6 வாரம் ஆகும். இதை உங்கள் மாமியாருக்கும் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள். எனக்கு ஒன்றுமில்லையே, எனக்கு எதற்கு க்ரீம் என்று ஒருவர் விலகினாலும் அவர் மூலமாகத் திரும்ப வரும், பிறகு எந்த மருந்தையும் குறை சொல்லிப் பயனில்லை. வேப்பிலையோ க்ரீமோ, ஒரே இரவில் வீட்டிலிருக்கும் அத்தனை பேரும் பூச வேண்டும். பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சுகிற, பார்த்துக்கொள்ள வருகிற ஆள் இருந்தால் அவரும்.

முதலில் எல்லாருக்கும் நகம் வெட்டிவிடுங்கள். குளித்துத் துடைத்து உடம்பு ஆறிய பிறகு, ஈரமும் சூடும் இல்லாத தோலில் பூசுங்கள். பெரியவர்களுக்கும் மகனுக்கும் தாடைக்குக் கீழே தொடங்கி உள்ளங்கால் வரை: காதுக்குப் பின்னால், அக்குள், தொப்புளுக்குள், பிறப்புறுப்பு, புட்டப் பிளவு, விரல் இடுக்கு, நகத்துக்கு அடியில். நகத்தடிக்குப் பழைய மென்மையான பிரஷ் வைத்துத் தடவலாம், பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பாப்பாவுக்குத் தலை, நெற்றி, கன்னம், கழுத்து மடிப்பும் சேர்த்து, கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் விட்டுவிட்டு. கையை வாயில் வைப்பாள், அதனால் கையுறை அல்லது சுத்தமான மெல்லிய காலுறையைக் கையில் மாட்டிவிடுங்கள். நீங்கள் பால் கொடுப்பதாக இருந்தால் மார்பில் பூசியதைக் கொடுக்கும் முன் கழுவிவிட்டு, கொடுத்த பின் மறுபடி பூசுங்கள். டயப்பர் மாற்றினாலோ கை கழுவினாலோ அந்த இடத்தில் மறுபடி. 8 முதல் 14 மணி நேரம் இருக்க வேண்டும், இரவு பூசிக் காலையில் குளிப்பது எல்லாருக்கும் வசதி. 7 முதல் 14 நாளுக்குள் இன்னொரு முறை, எத்தனையாவது நாள் என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது முறையை அரிப்பு நின்றுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், முதல் முறையில் தப்பிய முட்டைகள் இருந்தால் அவை பொரித்து வெளிவந்திருக்கும் நேரம் அது.

குளித்த அன்று காலையில் முந்தைய மூன்று நாள் போட்ட உடை, விரிப்பு, தலையணை உறை, துண்டு, பாப்பாவின் துணிகள் எல்லாவற்றையும் கொதிக்கிற வெந்நீரில் நனைத்துத் துவைத்துக் கடும் வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாத பொம்மை, கம்பளியை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும், மனித உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது. பாச்சை உருண்டை போட்டு வைக்காதீர்கள், அதன் ஆவிகூட ஜி6பிடி குறைபாடுள்ள கைக்குழந்தைக்கு ஆபத்து. வீடு முழுக்க மருந்து அடிக்கவும் தேவையில்லை.

வேம்படி:

செவிலியர் சொன்னபடி வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் என்பது மிகச் சரி, எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் உட்பட அத்தனை பேரும்தான் பூசிக்கொண்டோம், துணி எல்லாவற்றையும் கொதிக்க வைத்தோம். வேப்பிலைக்கு இன்னும் நான் ஆதரவுதான். ஆனால் எங்கள் பிள்ளைகள் அப்போது பள்ளிக்கூடம் போகிற வயது. ஏழு மாதக் குழந்தைக்கு வைத்தியர் ஐயா சொல்வதைக் கேளுங்கள் தோழி. பச்சை இலை விழுது அந்தத் தோலுக்கு எரிச்சலாகவும் இருக்கலாம்.

மழைத்துளி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. தைலத்தையும் கற்பூர எண்ணெயையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டேன். மாமியாரிடம் செவிலியர் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், அவர் பூசிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார். வேப்பிலைத் தண்ணீரும் வைக்கலாம் என்று வைத்தியர் சொன்னதில் அவருக்கு ரொம்பச் சந்தோஷம். இன்று இரவே எல்லாரும் பூசப் போகிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். பூசிய பிறகும் அரிப்பு இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமா? மகனுக்கு மணிக்கட்டில் ஒரு இடத்தில் மஞ்சளாகப் பொருக்குத் தட்டிச் சீழ் மாதிரி தெரிகிறது. அரிப்பு க்ரீம் என்று வீட்டில் ஒரு ட்யூப் இருக்கிறது, அதை அதில் தடவலாமா?

இரவுப்பணி:

அந்த ட்யூபைத் தடவ வேண்டாம். கடையில் கேட்டவுடன் கிடைக்கும் அரிப்பு க்ரீம்களில் நிறைய ஸ்டீராய்டு கலந்தவை. தடவினால் சிவப்பும் அரிப்பும் அடங்கி நன்றாகிவிட்ட மாதிரி தோன்றும், உள்ளே பூச்சி பெருகிக்கொண்டே இருக்கும். அப்புறம் டாக்டருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிப்போகும்.

மணிக்கட்டுப் புண்ணை நாளையே டாக்டரிடம் காட்டுங்கள், இதற்கு எந்த இலையும் வேண்டாம். சொறிந்த இடத்தில் பாக்டீரியா புகுந்திருக்கிறது, ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியாக இருந்தால் சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால் சிரங்கு ஆறிய பிறகும் கொஞ்ச காலம் கவனியுங்கள்: காலையில் கண் இமையும் முகமும் வீங்குவது, சிறுநீர் குறைவது, அது கட்டன் டீ நிறத்தில் போவது, இதில் எது தெரிந்தாலும் உடனே கூட்டிக்கொண்டு ஓடுங்கள். காய்ச்சல் வந்தாலோ, புண்ணைச் சுற்றிச் சிவந்து சூடாகிப் பரவினாலோ, பாப்பா பால் குடிக்க மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம்.

பச்சிலை:

அரிப்பைப் பற்றி: பூச்சி செத்த பிறகும் அதன் மிச்சம் தோலில் இருக்கும், தோல் உரிந்து அது வெளியேறும் வரை 2 முதல் 4 வாரம் அரிப்பு இருக்கலாம். முதல் சில நாள் கூடின மாதிரிகூட இருக்கும். அந்தச் சமயத்தில்தான் பலர் பயந்துபோய் க்ரீமைத் தினமும் பூசுகிறார்கள், தோல் காய்ந்து அதுவே ஒரு அரிப்பாகிவிடும். சொன்ன இரண்டு முறைக்கு மேல் நீங்களாகப் பூசாதீர்கள். உங்கள் வேப்பிலைத் தண்ணீருக்கு வேலை இங்கேதான். இலையைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறவிட்டுக் குளிப்பாட்டுங்கள், பாப்பாவின் வாயிலும் கண்ணிலும் படாமல். குளித்ததும் மணமில்லாத சாதாரணத் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகத் தடவினால் வறட்சி குறையும். மணிக்கட்டுப் புண் ஆறும் வரை அந்த இடத்தில் எண்ணெய் வேண்டாம். இவ்வளவும் க்ரீம் பூசும் இரவில் இல்லை, அதைக் கழுவிய பிறகு வரும் நாட்களில். தூக்கமே இல்லாமல் சொறிகிறான் என்றால் வயதுக்கேற்ற அரிப்பு மருந்தை டாக்டர் எழுதித் தருவார், பாப்பாவுக்கு அவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது முறையும் பூசி, நான்கு வாரம் தாண்டியும் விரல் இடுக்கில் புதிதாகப் பொரியோ மெல்லிய கோடு மாதிரி சுரங்கமோ தெரிந்தால் திரும்பப் போங்கள். யாரிடமிருந்தாவது மறுபடி தொற்றியிருக்கலாம், அல்லது பெர்மெத்ரின் கேட்காத பூச்சியாக இருக்கலாம். இப்போது சில இடங்களில் அப்படியும் பார்க்கிறார்கள். பென்சைல் பென்சோயேட், கந்தகம், ஐவர்மெக்டின் என்று வேறு வழிகள் இருக்கின்றன. ஐவர்மெக்டின் மாத்திரை 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை, அதனால் பக்கத்து வீட்டில் கொடுத்தார்கள் என்று வாங்கிவிடாதீர்கள். லிண்டேன் லோஷன் யாராவது கொடுத்தால் பிள்ளைகளுக்குப் பூசாதீர்கள், அது நரம்பைப் பாதிக்கும்.

கரும்பலகை:

பாலர் பள்ளி ஆசிரியை என்ற முறையில் ஒரு வார்த்தை. மகன் பள்ளிக்குப் போகிறான் என்றால் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அழுக்கால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை, தினமும் குளிக்கிற பிள்ளைக்கும் கைகோத்து விளையாடினால், ஒரே பாயில் தூங்கினால் வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2017-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது, எந்த நேரத்திலும் உலகில் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருக்கிறது. ஒரு பெற்றோர் வாய்திறந்து சொன்னால்தான் வகுப்பில் மற்ற பிள்ளைகளின் வீட்டுக்கும் நாங்கள் சொல்ல முடியும். இல்லையென்றால் நீங்கள் இவ்வளவு சிரமப்பட்டுச் சரிசெய்த பிறகு அவன் வகுப்பிலிருந்தே திரும்பக் கொண்டுவருவான். முதல் முறை பூசிக் கழுவிய மறுநாளே அவனை அனுப்பலாம், அரிப்பு முழுதாக நிற்கும் வரை வீட்டில் வைத்திருக்க வேண்டியதில்லை.